லோடர் பக்கெட்டின் ஏற்ற இறக்கம்: நேரடி லீவரா, பைலட்டா, மின் ஜாய்ஸ்டிக்கா?

லோடர் ஒன்றைப் புதிதாக வாங்குபவருக்கும், கையில் இருக்கும் டிராக்டரில் முன்பக்க லோடரைப் பொருத்த விரும்புபவருக்கும், பழைய இயந்திரத்தின் தேய்ந்துபோன வால்வை மாற்ற நினைப்பவருக்கும் ஒரே கேள்விதான் எழுகிறது: பக்கெட்டை ஏற்றி இறக்க எந்த வகைக் கட்டுப்பாட்டைத் தேர்ந்தெடுப்பது? பெரும்பாலோர் இதற்கான விடையைத் தூக்கும் திறனிலும் ஏறும் வேகத்திலும் தேடுகிறார்கள். ஆனால் அவ்விரண்டையும் முதன்மையாகத் தீர்மானிப்பவை பம்பும் சிலிண்டரும், அழுத்தம் வரம்பைத் தாண்டாமல் காக்கும் ரிலீஃப் வால்வும்தான்; ஒரே பம்பையும் ஒரே சிலிண்டரையும் வைத்துக்கொண்டு கட்டுப்பாட்டை மட்டும் மாற்றினால் பக்கெட் ஏறும் விதத்தில் பெரிய மாற்றம் தெரியாது. சுமை நிறைந்த பக்கெட்டை மெதுவாக இறக்கும்போதும், பாதி வழியில் நிறுத்திப் பிடிக்கும்போதும், ஏற்றிக்கொண்டே சாய்க்கும்போதும்தான் ஒரு முறைக்கும் இன்னொரு முறைக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படுகிறது. ஆகவே இந்த ஒப்பீட்டில் இறக்கத்தையே முதல் அளவுகோலாகக் கொள்கிறேன்.

ஏற்றத்தில் பம்பின் பங்கு

பக்கெட்டைத் தாங்கும் கையான பூமின் இரு பக்கமும் உள்ள தூக்கும் சிலிண்டர்கள் இருவழிச் சிலிண்டர்கள். எண்ணெயைப் பிஸ்டன் பக்கத்தில் செலுத்தினால் ராடு வெளியே நீண்டு பூம் உயரும். ராடு பக்கத்தில் செலுத்தினால் ராடு உள்ளே இழுபட்டுப் பூம் தாழும். எந்தப் பக்கத்துக்கு எண்ணெய் போக வேண்டும், மறுபக்கத்து எண்ணெய் எந்த வழியாக டேங்குக்குத் திரும்ப வேண்டும் என்பதை வால்வின் உடலுக்குள் முன்னும் பின்னும் நகரும் ஸ்பூல் என்னும் உருளைத் தண்டு முடிவு செய்கிறது. ஸ்பூலின் விளிம்புகளில் வெட்டப்பட்டிருக்கும் சிறு காடிகள்தாம் எண்ணெய் திடீரென்று பாயாமல் படிப்படியாகத் திறக்க வழி செய்கின்றன. லீவர் மென்மையாக இருக்கிறது, முரடாக இருக்கிறது என்று ஆபரேட்டர்கள் சொல்வதில் பெரும் பகுதி அந்தக் காடிகளின் வடிவத்தைப் பற்றியதே.

ஓர் எடுத்துக்காட்டை எண்களோடு பார்த்துவிட்டால் பின்னால் வருபவை எளிதில் விளங்கும். 80 மி.மீ. உள்விட்டமும் 45 மி.மீ. ராடும் கொண்ட இரண்டு தூக்கும் சிலிண்டர்கள் இருப்பதாகக் கொள்வோம். பிஸ்டன் பக்கத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 100 சதுர செ.மீ. பரப்பு, ராடு தன் இடத்தை எடுத்துக்கொள்வதால் மறுபக்கத்தில் ஏறத்தாழ 69 சதுர செ.மீ. மட்டுமே. அழுத்தம் 200 பார் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) என்றால் இரண்டு சிலிண்டர்களும் சேர்ந்து ஏறக்குறைய 20 டன் விசையைத் தரும். சிலிண்டர் பூமோடு இணையும் இடத்தைவிடப் பக்கெட் வெகுதூரம் முன்னால் இருப்பதால், அந்த விசையில் ஒரு சிறு பங்குதான் தூக்கும் திறனாகப் பக்கெட்டுக்கு வந்து சேரும். பம்ப் நிமிடத்துக்கு 60 லிட்டர் தருமானால் ராடு விநாடிக்குச் சுமார் 10 செ.மீ. நீளும்; 70 செ.மீ. ஓட்டத்துக்கு 7 விநாடிகள் ஆகும். இந்தக் கணக்கில் லீவரின் வகை எங்குமே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஏற்றத்தில் கட்டுப்பாட்டின் பங்கு தெரியும் இடம் ஒன்று உண்டு. கியர் பம்போடு சேர்ந்து வரும் திறந்த மைய வால்வில், லீவர் நடுநிலையில் இருக்கும்போது எண்ணெய் முழுவதும் வால்வின் நடுவழியாக டேங்குக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். லீவரை இழுக்க இழுக்க அந்த நடுவழி குறுகி, அழுத்தம் உயர்ந்து, அது சுமையின் அழுத்தத்தைத் தாண்டிய பிறகே சிலிண்டர் அசையத் தொடங்கும். பக்கெட் காலியாக இருந்தால் லீவரின் சிறு அசைவிலேயே பூம் எழும். ஈர மண் நிறைந்திருந்தால் லீவரைப் பாதி தூரம் இழுத்த பிறகுதான் எழும். இடையில் சுமை ஒருகணம் கீழே அமிழ்ந்துவிடாமல் வால்வுக்குள் இருக்கும் சுமை தாங்கும் ஒருவழி வால்வு பார்த்துக்கொள்கிறது. அது தேய்ந்துவிட்டால், ஏற்றத் தொடங்கும்போது பக்கெட் முதலில் சற்றுத் தாழ்ந்து பிறகு எழும்.

இறக்கத்தில் தெரியும் வேறுபாடு

உயர்ந்திருக்கும் பக்கெட்டை இறக்கப் பம்பின் உதவியே தேவையில்லை. பூமின் எடையும் சுமையின் எடையும் பிஸ்டன் பக்கத்து எண்ணெயை அழுத்திக்கொண்டிருக்கின்றன. அதற்கு வெளியேறும் வழி கிடைத்தாலே போதும். எனவே இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது, திரும்பிச் செல்லும் எண்ணெயின் வழியை ஸ்பூலின் காடி எவ்வளவு குறுக்கிப் பிடிக்கிறது என்பதே. குறுகிய வழியில் பாயும் எண்ணெயின் அளவு அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. காலியான பூமும் பக்கெட்டும் 20 பார் அழுத்தத்தைத் தருகின்றன, சுமையோடு அது 80 பார் ஆகிறது என்றால், லீவர் அதே இடத்தில் இருக்கையில் பக்கெட் இரண்டு மடங்கு வேகத்தில் இறங்கும். காலிப் பக்கெட்டில் பழகிய கை, நிறைந்த பக்கெட்டில் திடுக்கிடுவதற்கு இதுவே காரணம்.

இதில் பரப்புகளின் வேறுபாடும் சேர்ந்துகொள்கிறது. மேலே சொன்ன சிலிண்டர்களில் ராடு பக்கத்துக்குப் பம்ப் நிமிடத்துக்கு 60 லிட்டர் செலுத்தினால், பிஸ்டன் பக்கத்திலிருந்து ஏறத்தாழ 88 லிட்டர் வெளியேறும். வால்வின் திரும்பும் வழி, ஹோஸ், ஃபில்டர் ஆகிய அனைத்தும் அந்த 88 லிட்டரைத் தாங்க வேண்டும். பம்பின் 60 லிட்டரை மட்டும் பார்த்து வால்வை வாங்கியவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். சுமை 80 பாரில் இருக்கும்போது அந்த 88 லிட்டரும் காடியின் வழியே பிதுங்கி வெளியேறினால், ஏறக்குறைய 12 கிலோவாட் சக்தி வெறும் வெப்பமாக எண்ணெயில் சேர்கிறது. மறுபுறம், பம்ப் தருவதைவிட வேகமாகப் பூம் இறங்கினால் ராடு பக்கம் எண்ணெய் போதாமல் வெற்றிடம் உண்டாகும். டேங்கிலிருந்து எண்ணெயை உறிஞ்சி அதை நிரப்பும் வால்வு சரியாக வேலை செய்யாவிட்டால், பக்கெட் தரையைத் தொட்ட பிறகு அழுத்திச் சுரண்ட முனையும்போது ஒன்றிரண்டு விநாடிகள் எதுவும் நடக்காது.

ஃப்ளோட் நிலை இறக்கத்தின் தனி வகை. அதில் சிலிண்டரின் இரு பக்கங்களும் டேங்கோடு இணைக்கப்பட்டுவிடுவதால், பக்கெட் தன் எடையோடு மட்டும் தரையின் மேடு பள்ளத்தைப் பின்பற்றிச் செல்லும். தரையைச் சமன்செய்வதற்கும் தரைக்குச் சேதமின்றிக் குவியலை வாருவதற்கும் இது இன்றியமையாதது. பூம் உயர்ந்திருக்கும்போது லீவர் தவறுதலாக இந்நிலைக்குப் போனால், பக்கெட்டை வேகமாக விழவிடாமல் தடுப்பதற்கு வழித்தடங்களின் குறுகலைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆகவே ஃப்ளோட் இருக்கிறதா என்பதோடு, சாதாரண இறக்கத்திலிருந்து அதைப் பிரித்துக்காட்டும் தடையைக் கை தெளிவாக உணர்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

நேரடி லீவரும் கேபிளும்

மிகப் பழைய, மிக எளிய முறை இதுதான். லீவர் நேராக ஸ்பூலோடு இணைந்திருக்கும். அல்லது ஆபரேட்டரின் அருகில் இருக்கும் ஜாய்ஸ்டிக்கிலிருந்து இரண்டு தள்ளு-இழு கேபிள்கள் வால்வுக்குச் செல்லும். டிராக்டர் லோடர்களிலும் சிறிய இயந்திரங்களிலும் இதுவே பரவலாகக் காணப்படுகிறது.

இதன் பெரும் பலம், எண்ணெயில் நடப்பது ஓரளவு கைக்கே தெரிவதுதான். ஸ்பூலின் மீது பாயும் எண்ணெய் அதை மூடும் திசையில் தள்ளும். அந்தத் தள்ளல் லீவரின் வழியாகக் கைக்கு வருகிறது. சுமை அதிகமாகும்போது லீவர் சற்றே மாறுபட்டு எதிர்ப்பதை அனுபவமுள்ள ஆபரேட்டர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டு, இரு மடங்கு வேகத்தில் இறங்க முயலும் பக்கெட்டை அறியாமலேயே அடக்கிவிடுகிறார்கள். இஞ்சின் நின்றுபோனாலும் லீவரை இறக்க நிலைக்குத் தள்ளினால் பூம் தன் எடையால் இறங்கிவிடும். மின்கலமோ சேமிப்பு அழுத்தமோ தேவையில்லை. பழுது வந்தாலும் எங்கே என்று கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

பலவீனங்களும் அதே நேரடித் தொடர்பிலிருந்துதான் வருகின்றன. எண்ணெயின் ஓட்டம் கூடக் கூட ஸ்பூலின் மீதான தள்ளலும் கூடுவதால், பெரிய இயந்திரத்தில் நாள் முழுவதும் லீவரைத் தள்ளுவது தோளையும் மணிக்கட்டையும் சோர்வடையச் செய்யும். கேபிள் கூர்மையாக வளைக்கப்பட்டிருந்தாலோ, உறைக்குள் நீர் புகுந்து துருப்பிடித்திருந்தாலோ, லீவர் நடுநிலைக்குத் தானாகத் திரும்பாது. இதைச் சிறு குறையாகக் கருதக் கூடாது: கையை எடுத்த பிறகும் ஸ்பூல் சற்றே திறந்திருக்கிறது என்றால் பக்கெட் தொடர்ந்து நகர்கிறது என்று பொருள். கேபிளின் முனையில் ஏற்படும் தளர்வும் அப்படியே, 2 மி.மீ. தளர்வு, காடிகள் வேலை செய்யும் சில மி.மீ. தூரத்தில் கணிசமான பங்கை விழுங்கிவிடும்.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இதன் இன்னொரு மலிவான வடிவமும் சொல்லப்படுகிறது: தனி லோடர் வால்வு வாங்காமல், பின்பக்கத் துணை வால்வுகள் இரண்டிலிருந்து ஹோஸ்களை முன்னால் கொண்டுவருவது. எப்போதாவது பயன்படுத்துபவருக்கு இது போதலாம். ஆனால் அந்த வால்வுகளின் லீவர்கள் தனித்தனியாக இருப்பதால் ஒரே கையசைவில் ஏற்றிக்கொண்டே சாய்க்க முடியாது; சிலவற்றில் லீவர் இழுத்த இடத்திலேயே பூட்டிக்கொண்டு நிற்கும் வசதி இருக்கும்; கலப்பைக்கு உதவும் அந்த வசதி, தலைக்கு மேல் சுமையைத் தூக்கும் வேலையில் ஆபத்தானது. அன்றாடம் லோடரைப் பயன்படுத்தப் போகிறவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பைலட் கட்டுப்பாடு

இதில் கை அசைப்பது பெரிய ஸ்பூலை அல்ல. ஜாய்ஸ்டிக்கின் அடியில் உள்ள சிறு அழுத்தக் குறைப்பு வால்வுகள், சுமார் 30 முதல் 40 பார் வரையிலான தனிப் பைலட் அழுத்தத்திலிருந்து, ஜாய்ஸ்டிக்கின் சாய்வுக்கு ஏற்ற ஒரு பகுதியை முதன்மை ஸ்பூலின் முனைக்கு அனுப்புகின்றன. ஸ்பூலின் முனை 25 மி.மீ. விட்டம் என்றால் 20 பார் பைலட் அழுத்தம் அதன் மீது ஏறக்குறைய 100 கிலோ விசையைச் செலுத்தும். அதைத் தூண்டும் விரல்களுக்கோ ஒரு சிறு சுருள்வில்லின் எதிர்ப்பு மட்டுமே தெரியும். பெரிய சக்கர லோடர்களில் பைலட் முறை இடம்பிடித்ததற்கு இதுவே முதற்காரணம். முதன்மை வால்வை ஆபரேட்டரின் அருகில் வைக்கத் தேவையில்லை என்பதால், அதிக அழுத்த ஹோஸ்களும் வெப்பமும் இரைச்சலும் கேபினுக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றன.

இறக்கத்தைப் பொறுத்தவரை பைலட்டின் குணம் நுட்பமானது. ஜாய்ஸ்டிக் ஒரு குறிப்பிட்ட சாய்வில் இருந்தால் ஸ்பூல் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும். சுமையின் தள்ளல் கைக்குத் திரும்பி வராது. கைக்குச் சோர்வு இல்லை. ஆனால் கைக்குச் செய்தியும் இல்லை. பக்கெட் வேகமாக இறங்குவதை ஆபரேட்டர் கண்ணால் பார்த்தே திருத்த வேண்டியிருக்கிறது. நன்றாக வடிவமைக்கப்பட்ட இயந்திரங்களில் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும் ஒரு நன்மை உண்டு: பைலட் வரிகளில் (பைலட் எண்ணெய்க் குழாய்களில்) வைக்கப்படும் சிறு துளைகள் ஸ்பூலின் அசைவைத் தணித்து, கையின் நடுக்கமும் இயந்திரத்தின் குலுக்கலும் பக்கெட்டுக்குப் போகாமல் தடுக்கின்றன. கரடுமுரடான தரையில் ஓடும்போது உடல் குலுங்கி, அதனால் கை குலுங்கி, அதனால் பூம் குலுங்கி, அது மீண்டும் உடலைக் குலுக்கும் அந்தச் சங்கிலியை நேரடி லீவரைவிடப் பைலட் நன்றாகவே அறுக்கிறது.

வசதிகளிலும் பைலட் ஒரு படி முன்னே நிற்கிறது. ஜாய்ஸ்டிக்கை ஏற்ற நிலையின் எல்லைவரை இழுத்தால் ஒரு மின்காந்தம் அதை அங்கேயே பிடித்துக்கொள்ளும். பூம் முன்பே அமைத்த உயரத்தை எட்டியதும் ஒரு சுவிட்ச் அந்தக் காந்தத்தை விடுவிக்க, ஜாய்ஸ்டிக் தானாக நடுநிலைக்குத் திரும்பும். பக்கெட்டைத் தோண்டும் கோணத்துக்குத் திருப்புவதற்கும் ஃப்ளோட் நிலைக்கும் இதே உத்தி பயன்படுகிறது. லாரி லாரியாக ஒரே உயரத்துக்கு மண் ஏற்றும் வேலையில் இது மிச்சப்படுத்தும் கவனம் பெரிது.

குளிரில் எண்ணெய் தடித்துப்போகும் இடங்களில், நீண்ட மெல்லிய பைலட் குழாய்களில் அழுத்தம் மெதுவாகவே நகரும் என்பதால், காலையில் இஞ்சின் சூடாகும்வரை ஜாய்ஸ்டிக்குக்கும் பக்கெட்டுக்கும் இடையே தாமதம் தெரியும். பைலட் வரியில் காற்றுக் குமிழ் சிக்கினாலும் இதே போன்ற தயக்கம் வரும். இஞ்சின் நின்றுவிட்டால் பைலட் பம்பும் நின்றுவிடும். அந்நேரத்தில் பூமை இறக்க, பைலட் வரியில் ஓர் அக்குமுலேட்டர் அழுத்தத்தைச் சேமித்து வைத்திருக்க வேண்டும். பழைய இயந்திரம் வாங்கும்போது பலர் சோதிக்க மறப்பது இதைத்தான்: அக்குமுலேட்டரில் அழுத்தத்தைச் சேமிக்க உதவும் நைட்ரஜன் வாயு தீர்ந்துபோயிருந்தால், நின்ற இயந்திரத்தின் உயர்ந்த பூம் உயரத்திலேயே சிக்கிக்கொள்ளும்.

மின் ஜாய்ஸ்டிக்

இங்கே ஜாய்ஸ்டிக்கில் எண்ணெயே இல்லை. அதன் சாய்வை அளக்கும் உணரிகள் ஒரு கட்டுப்பாட்டுக் கணினிக்குச் செய்தி அனுப்ப, கணினி விகிதாச்சாரச் சொலினாய்டுகளுக்கு (மின்னோட்டத்தின் அளவுக்கேற்ற விசை தரும் மின்காந்தங்களுக்கு) மின்னோட்டம் தர, அந்தச் சொலினாய்டுகள் பைலட் அழுத்தத்தை உண்டாக்கி ஸ்பூலை நகர்த்துகின்றன. மின்னோட்டம் விட்டுவிட்டுச் செல்லும் துடிப்புகளாக அனுப்பப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு: அந்த மெல்லிய அதிர்வு ஸ்பூலை உராய்வில் ஒட்டிக்கொள்ளாமல் வைத்திருக்கிறது.

இம்முறையின் தனிப் பயன், லீவருக்கும் ஸ்பூலுக்கும் உள்ள உறவை மென்பொருளில் மாற்றி அமைக்கலாம் என்பது. நுணுக்கமான வேலைக்கு மெதுவான வளைவு, மண் அள்ளுவதற்கு விரைவான வளைவு என ஒரே இயந்திரம் இரு குணங்களைக் காட்டும். பூமின் கோணத்தை அளக்கும் உணரி இருந்தால், சிலிண்டர் தன் ஓட்டத்தின் எல்லையை நெருங்கும்போது கணினியே வேகத்தைக் குறைத்து மோதலைத் தவிர்க்கும். பூம் உயரும்போது பக்கெட் பின்னால் சாய்ந்து மண் கொட்டாமல் சமநிலையைக் காக்கும். பூம் உயர்ந்திருக்கும்போது ஃப்ளோட் கட்டளையை ஏற்க மறுக்கவும் கணினிக்குச் சொல்லிவைக்கலாம். இறக்கத்தின் ஆபத்தைப் பற்றி மேலே சொன்னதை நினைத்தால், என் பார்வையில் மின் கட்டுப்பாட்டின் மிகப் பெரிய நன்மை இதுவே. விற்பனையாளர்கள் இதைவிடத் திரையின் அழகைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள்.

இன்னும் முன்னேறிய அமைப்புகளில், சிலிண்டருக்குள் போகும் எண்ணெயையும் அதிலிருந்து வெளியேறும் எண்ணெயையும் ஒரே ஸ்பூலில் பிணைக்காமல் தனித்தனி வால்வுகள் கட்டுப்படுத்துகின்றன. சாதாரண ஸ்பூலில் உள்ளே போகும் வழியும் வெளியேறும் வழியும் ஒரே தண்டில் வெட்டப்பட்டிருப்பதால், ஒன்றை மாற்றாமல் மற்றொன்றை மாற்ற முடியாது. பிரித்துவிட்டால், அழுத்த உணரியின் உதவியோடு, பக்கெட் காலியோ நிறைந்ததோ ஒரே வேகத்தில் இறக்க முடிகிறது. பம்பை உழைக்கவிடாமல், இறங்கும் எண்ணெயின் ஒரு பகுதியையே ராடு பக்கத்துக்குத் திருப்பிவிடவும் முடிகிறது. இறக்கச் சிக்கலை அதன் வேரிலேயே தீர்ப்பது இந்த அமைப்பு மட்டும்தான்.

ஆனால் நம்பகத்தன்மை வேறு வகையானதாக மாறிவிடுகிறது. ஜாய்ஸ்டிக்கில் ஒன்றுக்கு இரண்டு உணரிகள் வைத்து, இரண்டும் முரண்பட்டால் கணினி அசைவை நிறுத்தும்படி அமைப்பது வழக்கம். பாதுகாப்புக்கு அது சரி, ஆனால் ஈரம் புகுந்த ஒரு கனெக்டர் முழு இயந்திரத்தையும் நிறுத்திவிடும் என்பதும் அதன் மறுபக்கம். எண்ணெயின் தூய்மையில் விகிதாச்சார வால்வுகள் கண்டிப்பானவை. மின்னோட்டம் நின்றுவிட்டாலும் தூசியால் ஸ்பூல் சிக்கிக்கொண்டால் அசைவு நிற்காது என்பதால், சில அமைப்புகளில் ஸ்பூலின் இடத்தையே அளக்கும் உணரியும் வைக்கப்படுகிறது. பழுதைக் கண்டறியக் கணினிக் கருவியும் அதற்கான மென்பொருளும் வேண்டும். அவை எட்டும் தூரத்தில் இல்லாதவருக்கு இந்த நன்மைகள் எல்லாம் முதல் பழுதுவரைதான்.

இதே பெயரில் விற்கப்படும் இன்னொன்றை விலக்கிவிட வேண்டும். பொத்தானை அழுத்தினால் முழுவதும் திறந்து, விட்டால் முழுவதும் மூடும் மலிவான சொலினாய்டு வால்வுகள் பூமைத் தூக்குவதற்கு ஏற்றவை அல்ல. இடைநிலையே இல்லாததால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் சுமை துள்ளி, ஹோஸிலும் மூட்டுகளின் இணைப்புத் தண்டுகளிலும் அதிர்ச்சி ஏறும். பக்கெட்டின் பிடிவாயைத் திறந்து மூடுவது போன்ற துணை வேலைகளுக்கு அவை போதும்.

பம்பின் வகையையும் சேர்த்து எண்ண வேண்டும்

கட்டுப்பாட்டுக்கு எவ்வளவு செலவழிப்பது என்று யோசிப்பவர், அதே பணத்தைப் பம்பில் போட்டால் என்ன கிடைக்கும் என்றும் கேட்பது நல்லது. நிலையான கொள்ளளவு கொண்ட கியர் பம்ப், இஞ்சின் வேகத்துக்கேற்ப எண்ணெய் தந்துகொண்டே இருக்கும். தேவைப்படாதது சுற்றி வந்து வீணாகும். சுமையை உணரும் மாறுகொள்ளளவு பிஸ்டன் பம்ப், சுமையின் அழுத்தத்தைவிடச் சிறிதளவு மட்டும் கூடுதலான அழுத்தத்தில், தேவையான அளவு மட்டும் எண்ணெய் தரும். ஒவ்வொரு ஸ்பூலுக்கும் அழுத்த ஈடுகட்டி (சுமை மாறினாலும் ஸ்பூலின் குறுக்கே உள்ள அழுத்த வேறுபாட்டை மாறாமல் வைக்கும் சிறு வால்வு) இருந்தால், பக்கெட் கனமோ இலேசோ, லீவரின் ஒரே இழுப்புக்கு ஒரே ஏறும் வேகம் கிடைக்கும்.

ஏற்றிக்கொண்டே சாய்க்கும் வேலையில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஒரே பம்ப் இரு ஸ்பூல்களுக்கும் ஒருங்கே எண்ணெய் தரும் எளிய இணைச்சுற்றில் எண்ணெய் எதிர்ப்பு குறைந்த வழியையே நாடும்; பக்கெட்டைச் சாய்க்கத் தொடங்கியவுடன் பூம் ஏறுவது நின்றுபோகும். பழைய வடிவமைப்புகளில் பக்கெட் ஸ்பூலுக்கு முன்னுரிமை தந்தார்கள்; ஆனால் பூம் நிற்பதை அது தீர்க்கவில்லை. எண்ணெய் போதாதபோது அதை இரு வேலைகளுக்கும் விகிதப்படி பகிரும் ஈடுகட்டிகளே இதற்கு முழுமையான தீர்வு. ஆனால் சுமை உணரும் பம்பை வாங்கியவர்கள் பலரும் எதிர்பார்த்து ஏமாறும் ஒன்று உண்டு: உள்ளே போகும் எண்ணெயை ஒழுங்குபடுத்தும் ஈடுகட்டி, தன் எடையாலேயே இறங்கும் பூமைக் கட்டுப்படுத்தாது. அங்கே பழைய காடியும் பழைய வர்க்கமூலமும்தான் ஆள்கின்றன.

பிடித்து நிறுத்துவது

எந்த ஸ்பூலும் சொட்டுக்கூடக் கசியாமல் மூடுவதில்லை. அது நகர்வதற்குச் சில மைக்ரான் இடைவெளி தேவை, அந்த இடைவெளியில் எண்ணெய் கசியும். உயர்த்தி நிறுத்திய பூம் மெல்ல மெல்லத் தாழ்வதற்கு உடனே சிலிண்டர் சீலைக் குற்றம்சாட்டுவது பட்டறைகளில் வழக்கம். அது பெரும்பாலும் பாதி உண்மை. வால்வு இரு வழிகளையும் முழுமையாக அடைத்திருந்தால், பிஸ்டன் சீல் மட்டும் கசிவதால் பூம் இறங்கிவிட முடியாது, ஏனெனில் ராடு உள்ளே நுழைய அதன் கனஅளவுக்கு எண்ணெய் எங்காவது வெளியேற வேண்டும். அதற்குப் பதிலாக இரு பக்கமும் ஒரே அழுத்தமாகி, சுமை முழுவதும் ராடின் பரப்பின் மீது விழும்; நம் எடுத்துக்காட்டில் 80 பார் ஏறக்குறைய 250 பாராக உயரும். அந்த உயர்ந்த அழுத்தத்தில் ஸ்பூலோ ரிலீஃப் வால்வோ கசிந்தால்தான் பூம் இறங்குகிறது. சீலை மாற்றியும் இறக்கம் நிற்கவில்லை என்று புலம்புபவர்கள் வால்வைப் பார்க்க வேண்டும்.

கசிவைத் தடுக்கவும், ஹோஸ் வெடித்தால் பூம் விழாமல் காக்கவும் சிலிண்டரிலேயே பொருத்தப்படும் பூட்டு வால்வுகள் உண்டு. இவற்றைச் சேர்ப்பவர்கள் இறக்கத்தின் குணத்தை மாற்றுகிறோம் என்று அறிந்தே சேர்க்க வேண்டும். ராடு பக்கத்து அழுத்தத்தால் திறக்கும் எளிய பூட்டு வால்வு, பூம் பம்பைவிட வேகமாக இறங்கி அந்த அழுத்தம் விழும் கணத்தில் மூடிக்கொள்ளும். மீண்டும் அழுத்தம் ஏற மீண்டும் திறக்கும். இதனால் பக்கெட் தடதடவென்று படிப்படியாக இறங்கும். ஃப்ளோட் நிலையில் ராடு பக்கத்தில் அழுத்தமே இல்லாததால் அந்த வால்வு திறக்கவே திறக்காது. ஃப்ளோட் பெயருக்கு மட்டும் இருக்கும். தனிப் பைலட் அழுத்தத்தால் திறக்கும் பூட்டு வால்வு இந்த இரு தொல்லைகளையும் தவிர்க்கிறது. ஆகையால் பூட்டு வால்வு கட்டாயம் என்று கருதுபவருக்குப் பைலட் முறையோ மின் முறையோதான் இயல்பாகப் பொருந்தும். எந்தப் பூட்டு வால்வு இருந்தாலும், உயர்ந்த பூமின் கீழ் பழுது பார்க்கச் செல்பவர் இரும்புத் தாங்குகட்டையைச் சிலிண்டரின் ராடில் மாட்டிவிட்டே செல்ல வேண்டும்.

யாருக்கு எது

வாரத்தில் சில மணி நேரம் ஓடும் டிராக்டர் லோடருக்கு, பம்ப் நிமிடத்துக்கு 60 லிட்டர் அளவிலேயே இருக்குமானால், ஃப்ளோட் தடையும் பக்கெட்டை விரைந்து கவிழ்க்கும் மறுசுழற்சி நிலையும் (சிலிண்டரின் ஒரு பக்கத்திலிருந்து வெளியேறும் எண்ணெயை மறுபக்கத்துக்கே திருப்பும் நிலை) கொண்ட தனி லோடர் வால்வும் நல்ல கேபிள் ஜாய்ஸ்டிக்கும் போதுமானவை. அதற்கு மேல் செலவிடுவதில் பொருளில்லை. நாள் முழுவதும் லாரி ஏற்றும் சக்கர லோடரில் நேரடி லீவர் பொருந்தாது. அங்கே போட்டி பைலட்டுக்கும் மின் கட்டுப்பாட்டுக்கும் இடையேதான். பழுதுபார்க்கும் வசதி தொலைவில் உள்ள சுரங்கம், கல்குவாரி போன்ற இடங்களில் நான் இன்னும் பைலட் பக்கமே சாய்வேன்: அழுத்தமானி ஒன்று கையில் இருந்தால் அதன் பழுதில் பெரும்பகுதியைக் கண்டுபிடித்துவிடலாம். பல ஆபரேட்டர்கள் மாறி மாறி ஓட்டும் இயந்திரம், பக்கெட்டின் இடத்தில் பல துணைக்கருவிகளை மாற்றி மாற்றிப் பொருத்தும் இயந்திரம், ஆட்கள் நடமாடும் இடத்தில் ஓடும் இயந்திரம் ஆகியவற்றுக்கு மின் கட்டுப்பாட்டின் கூடுதல் விலை நியாயமானது. புதியவரின் கையையும் அது ஓரளவு திருத்திக்கொள்கிறது.

பழைய இயந்திரத்தின் கேபிள் வால்வை மின் வால்வாக மாற்றுவது பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மின் விகிதாச்சார வால்வுகளுக்குப் பைலட் அழுத்தம் வேண்டும். திறந்த மையச் சுற்றில் லீவர் நடுநிலையில் இருக்கும்போது அந்த அழுத்தம் கிடைக்காது. அதற்கெனத் தனி ஏற்பாடு செய்து, ஃபில்டரை மாற்றி, எண்ணெயைச் சுத்தப்படுத்தி, கணினிக்கு நீர் புகாத இடம் தேடி முடிக்கும்போது, தேய்ந்த வால்வுக்குப் பதிலாக அதே வகையில் புதியதைப் பொருத்துவது எவ்வளவு எளிமையாக இருந்திருக்கும் என்று தோன்றும்.

வாங்கும் முன் ஓட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், ஏற்றத்தைச் சோதிப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். எண்ணெய் நன்றாகச் சூடான பிறகு, பக்கெட்டை நிறைத்து, பூமை ஆட்களற்ற இடத்தில் பாதி உயரத்துக்கு ஏற்றி, இஞ்சினைக் குறைந்த வேகத்தில் வைத்துக்கொண்டு, தரைக்கு ஓர் அடி மேலே மென்மையாக நிறுத்த முடியும் அளவுக்கு மெதுவாக இறக்கிப் பார்க்க வேண்டும். அதையே காலிப் பக்கெட்டோடு செய்து, லீவரின் இழுப்பில் எவ்வளவு வேறுபாடு தேவைப்படுகிறது என்று கவனிக்க வேண்டும். பிறகு சுமையோடு தாழ்வாக நிறுத்தி, இஞ்சினை அணைத்து, பக்கெட்டின் விளிம்புக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை அளந்து, பத்து நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். கடைசியாக, இஞ்சின் அணைந்த நிலையிலேயே லீவரை இறக்க நிலைக்குத் தள்ளி, பூம் தரைவரை வருகிறதா என்று பார்க்க வேண்டும். பைலட் இயந்திரத்தில் சாவியைத் திருப்பி வைத்தும் அது வரவில்லை என்றால், விலையைப் பேசும் முன் அக்குமுலேட்டரைப் பற்றிப் பேச வேண்டும்.